பன்னிரண்டு மேளமும் ஒரு கையெழுத்தும்

சண்டிலிப்பாயில் தோட்டக்காரர் முந்நூறு பேர் பங்கு போட்டு நடத்தும் மரக்கறிக் கம்பனி அது. பணிப்பாளர் சபையில் ஏழு பேர். ஆறு பேர் கணக்கறிக்கையின் கடைசிப் பக்கத்தில் லாபத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி குடிப்பார்கள். ஏழாவது ஆள் உதயகலா. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வங்கியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். அவள் முதல் பக்கத்திலிருந்து வாசிப்பாள். அங்கேதான் வில்லங்கம் தொடங்கியது.

ஆனி மாதக் கூட்டத்தில் தலைவர் பஞ்சலிங்கம் ஒரு யோசனை சொன்னார். கோயில் திருவிழாவில் ஒரு நாள் உபயத்தைக் கம்பனி எடுக்க வேண்டும். போன வருடம் பக்கத்து ஊர்க்காரர் எட்டு மேளம் பிடித்தார்களாம். நாங்கள் பன்னிரண்டு பிடித்துக் காட்ட வேண்டாமா? நிரந்தர வைப்பில் பதினெட்டு இலட்சம் சும்மாதானே கிடக்கிறது! ஆறு கைகள் உயர்ந்தன. ஆனால் அந்தக் காசை எடுக்கத் தலைவரோடு உதயகலாவும் கையெழுத்து வைக்க வேண்டும்.

"வைக்கமாட்டன்," என்றாள். "என்ரை பென்சனிலை ஒரு மேளம் பிடிச்சுத் தாறன். உது முந்நூறு பேரின்ரை காசு."

"சாமி காரியம், தங்கச்சி."

"சாமிக்கு நான் பதில் சொல்லுறன், அண்ணை. நட்டம் வந்தால் தோட்டக்காரருக்கு ஆர் சொல்லுறது?"

ஊர் சும்மா விடுமா? கோயிலுக்கு எதிரானவள் என்று பெயர் கட்டினார்கள். சொந்தத்தில் நடந்த இரண்டு கலியாணங்களுக்கு அவளுக்கு அழைப்பில்லை. அது அவளுக்கு நன்றாகவே சுட்டது. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் அவளைச் சபையிலிருந்து தூக்கப்போகிறார்கள் என்ற கதையும் காதில் விழுந்தது.

"தூக்கட்டும். தூக்கிற வரைக்கும் கையெழுத்து வைக்கமாட்டன்," என்றாள். திருவிழா கம்பனி இல்லாமலே நடந்து முடிந்தது.

கார்த்திகையில் நாலு நாள் விடாமல் கொட்டியது மழை. வெங்காயம் பாத்தியிலேயே அழுகியது. அதுவரை வாசலில் காத்துக் கிடந்த வியாபாரிகள் போனை எடுக்கவில்லை. கடன் கேட்டுப் போன இடத்தில் தை கழித்து வரச் சொன்னார்கள். வைப்புக் காசு கையில் இருந்தபடியால் கம்பனியில் ஒருவருக்கும் சம்பளம் நிற்கவில்லை.

மார்கழியில் பஞ்சலிங்கமே அவள் வீட்டுக்கு வந்தார். முந்நூறு பேருக்கும் விதை வெங்காயம் வாங்கும் காசோலையை மேசையில் வைத்தார்.

"இப்பிடி மழை வருமெண்டு உனக்கு எப்பிடித் தெரியும், தங்கச்சி?"

"எனக்குத் தெரியாது, அண்ணை," உதயகலா பேனையைத் திறந்தாள். "தெரியாதபடியால்தான் வைச்சிருந்தனான்."