சந்தனம் வைத்த இன்ஜின்

போன வெள்ளிக்கிழமை ஒரு ரயில் இன்ஜினை நிறுத்திவிட்டேன். ஒற்றை ஆளாக.

பயப்படாதீர்கள். பயப்படுவது என் வேலை. இன்ஜின் மொத்தமே ஒரு சாண் நீளம்தான்.

என் வீட்டுக்காரர் புதுக்கோட்டையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். குன்றாண்டார்கோவில் பக்கத்து போர் மோட்டார்கள் முக்கால்வாசி அவரிடம்தான் வரும். ஏழு மாதத்துக்கு முன் பைக்கிலிருந்து விழுந்து வலது கையில் நரம்பு அடிபட்டது. கை ஆறியது... விரல்களில் நடுக்கம் தங்கிவிட்டது. கடையைப் பூட்டியவர், யார் சொல்லியும் திறக்கவில்லை.

சிங்கப்பூரிலிருந்து என் தம்பி ஒரு பெட்டி அனுப்பினான். உள்ளே இன்ஜின் — துண்டு துண்டாக. குட்டி மோட்டார், கடுகு சைஸில் ஸ்க்ரூ, வட்டமாகப் பூட்டத் தண்டவாளம். "வெரலுக்கு வேலை குடுங்க மச்சான்" என்றான் போனில்.

இரண்டு மாதம். ஒரு ஸ்க்ரூ மாட்ட ஒரு காலைப்பொழுது. நழுவும், தேடுவோம், மறுபடி நழுவும். கைப்பிடிக் கம்பிகளை இடுக்கியில் பிடித்து ஒட்டினார். நீலப் பெயின்ட் அடித்தது அவர். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

கடைசியாக மோட்டாருக்கு இரண்டு ஒயரைப் பற்றவைத்துவிட்டுச் சொன்னார்: "இது ஓடுச்சுன்னா கடையத் தொறக்குறேன். ஓடலைன்னா காலி பண்ணிர்றேன். அப்புறம் அதப் பத்திப் பேசக் கூடாது."

இப்படிச் சொன்னால் நான் சும்மா இருப்பேனா?

அவர் குளிக்கப் போன நேரத்தில் இன்ஜினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். புது வண்டி ஆயிற்றே. எலுமிச்சம்பழம் இன்ஜினைவிட உயரமாக இருந்தது. சக்கரத்தடியில் ஒரு சுண்டைக்காயை வைத்து நசுக்கினேன். அப்படியும் மனசு ஆறவில்லை. சக்கரம் ஒன்றுவிடாமல் சந்தனம் தடவினேன்.

வந்தார். முன்னால் இருந்த பொட்டைப் பார்த்துச் சிரித்தார். சுவிட்சைப் போட்டார்.

அசையவில்லை.

மறுபடி போட்டார். ம்ஹூம். வலது கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏங்க ஓடலை?"

"தண்டவாளத்துல இருந்து சக்கரம் வழியாத்தான் மோட்டாருக்குக் கரண்டு போவணும். நான் பத்தவச்சது விட்டுப்போயிருக்கும். விடு... கை அம்புட்டுத்தான்."

சக்கரம் வழியாகவா? கரண்ட் பாடம் வருவதற்குள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள் நான். சொல்லலாமா, வேண்டாமா...

"சக்கரத்துலயும் சந்தனம் வச்சிருக்கேங்க."

இன்ஜினைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். "அடிப்பாவி... பொட்டு வச்சியா, அபிஷேகம் பண்ணுனியா?"

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு சக்கரமாகத் துடைத்தார். விரல் நடுங்கத்தான் செய்தது. என்னைத் திட்டுகிற மும்முரத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை.

ஓடியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று... ஏழாவது சுற்று வரைக்கும் எண்ணினேன்.

பயத்தில் நாம் செய்வதெல்லாம் உதவி என்றே நினைத்துக்கொள்கிறோம். பாதி நேரம் அது கரண்டை மறித்துக்கொண்டு நிற்கிறது — இல்லையா?

திங்கட்கிழமை கடையைத் திறந்துவிட்டார். இதை எழுதும்போது மணி மூன்று. மனிதர் இன்னும் சாப்பிட வரவில்லை... ஒரு போன் பண்ணிப் பார்க்கவா?