சித்திக்கு முன்னால் வந்தவள்

எவர்சில்வர் தட்டில் இரண்டு தோசை. சட்னி இல்லை, சாம்பார் இல்லை. பக்கத்தில் ஓர் அகலக் கிண்ணம் நிறைய சுக்குக் காப்பி. கடைக்கார அண்ணாச்சி அதைச் சித்திக்கு முன்னால் வைத்தபோது நாங்கள் இன்னும் எதுவுமே கேட்டிருக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் குற்றாலத்துச் சீசன் கடைகள் சில ஒரே தகரக் கொட்டகைக்குள் இருந்தன. சுவரோரம் வரிசையாக அடுப்புகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக நீளப் பெஞ்சுகள். ஒரு கடையில் புட்டும் கடலையும், அடுத்ததில் புரோட்டா, அதற்கடுத்து நேந்திரங்காய் வறுவல். எதை எங்கே வாங்கினாலும் பிடித்த இடத்தில் உட்கார்ந்து தின்னலாம். குளித்த தலையை முடிந்துகொள்ளாமல் பெண்கள் தங்கள் பாட்டுக்குச் சிரித்துப் பேசிக்கொண்டு தின்பார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த இரைச்சலே ஒரு விடுதலையாக இருந்தது. சித்திக்கு எப்படி இருந்திருக்கும்! என் சித்தப்பாவின் மனைவி அவள். சித்தப்பா போலீஸ் வேலையில் வெளியூரில் இருந்தார். இவள் ராயகிரியில் மாமியார் வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறவள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அப்போதுதான் முதல்முறையாகச் சாரல் பார்க்கத் தென்காசியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

தோசையைக் காப்பியில் முக்கித் தின்பது அவளுடைய பழக்கம். சிரிப்பார்களே என்று அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் தின்பாள். எங்கள் குடும்பத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"இப்படித்தான நேத்தும் கேட்டீய?" என்றார் அண்ணாச்சி.

"நேத்து நான் ராயகிரியிலல்லா இருந்தேன்."

"வெளையாடாதீய. பச்சைச் சேல கட்டிக்கிட்டு இந்தப் பெஞ்சுலதான் இருந்தீய. மூணு நாளா தனியா வாரீய, இன்னைக்குத்தான் பிள்ளையைக் கூட்டிட்டு வந்திருக்கீய." என் பக்கம் திரும்பி, "பாப்பா எந்தத் தெரு?" என்று கேட்டார். தென்காசியில் எங்கள் தெருவின் பெயரைச் சொன்னேன்.

சித்தி வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் தோசையைக் காப்பியில் முக்கியதும் அவர் தெரிந்த காட்சியைப் பார்ப்பதுபோலத் தலையாட்டினார்.

மறுநாள் காலையில் சித்திதான் முதலில் கிளம்பினாள். "யாருட்டி அவ? பாக்கணும்," என்றாள். அருவிக்குக்கூடப் போகாமல் நேராகக் கொட்டகைக்குள் போனோம்.

அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும், "இப்பத்தான எந்திரிச்சுப் போனீய? அதுக்குள்ள சேலையும் மாத்தியாச்சா?" என்றார்.

பெஞ்சில் தட்டு இன்னும் எடுக்கப்படாமல் இருந்தது. சித்தி கிண்ணத்தைத் தொட்டாள். அடியில் கிடந்த கொஞ்சம் காப்பியில் சூடு இருந்தது. "எந்தப் பக்கம் போனேன்?" என்று கேட்டாள். போனாள் என்று கேட்கவில்லை, போனேன் என்றுதான் கேட்டாள். அவர் குழம்பிப்போய் அருவிப் பக்கம் கையைக் காட்டினார்.

நாங்கள் ஓடிச் சேர்வதற்குள் விசில் சத்தம் கேட்டது. மலையில் மழை வலுத்துத் தண்ணீர் செம்மண்ணாய்க் கொட்டியது. போலீஸ்காரர்கள் எல்லோரையும் வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். நடுங்கிக்கொண்டு வந்த ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் சித்தி உற்றுப் பார்த்தாள். சில பேர் பயந்து ஒதுங்கிப் போனார்கள்.

அடுத்த நாள் மதியம் ஒரு காவலர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆற்றில் ஒரு பெண்ணின் உடல் ஒதுங்கியிருப்பதாகவும், கொட்டகைக் கடைக்காரர் அடையாளம் சொல்லி இந்தத் தெருவைக் காட்டியதாகவும் அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். வந்தவருக்குச் சித்தி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். நிமிர்ந்து பார்த்தவர் செம்பை வாங்கவில்லை. எழுந்து, அவளைப் பார்த்தபடியே வாசல் வரை பின்னோக்கி நடந்தார்.

ஆஸ்பத்திரிக்கு அப்பாவோடு சித்தியும் போனாள். திரும்பி வந்ததும் அப்பா நேரே குளிக்கப் போனார். சித்திதான் என்னிடம் சொன்னாள்: "காலுல மெட்டி இல்ல. அது ஒண்ணுதான்ட்டி வித்தியாசம்."

தனக்கு ஒரே பெண்தான் பிறந்தது என்று சித்தியின் அப்பா சத்தியம் செய்தார். தேடி யாரும் வரவில்லை. ஆள் தெரியாத பிணம் என்று எழுதப்போனபோது சித்தி தடுத்திருக்கிறாள். "பேரில்லாம பொதைக்க வேண்டாம். எனக்குத் தங்கச்சி முறை," என்று சொல்லித் தன் பெயரையே கொடுத்துவிட்டாள். அப்பா மறுத்துப் பேசவில்லை. அவரும் அந்த முகத்தைப் பார்த்தவர்தானே.

அதற்குப் பிறகு சித்திக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். இப்போது பேரன் பேத்திகளோடு மதுரையில் இருக்கிறாள். போன மாதம் உடம்புக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். கட்டிலருகே உட்கார்ந்து நான் கண்ணைத் துடைத்தபோது அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"எதுக்குட்டி அழுத? என்னையத்தான் ஏற்கெனவே ஒருக்கப் பொதைச்சாச்சே. உங்கப்பாதான் கிட்ட நின்னு மண்ணு போட்டாரு."