சுண்டிக்குளத்துப் பூவல்

உடுப்பிட்டியிலிருந்து கல்லு றோட்டில் கடகடவென்று வருகிற வண்டில் சில்லு, கடற்கரை ஈர மணலில் ஏறியதும் சட்டென்று வாயடைத்துப் போகும். அதன் பிறகு மாட்டுக் கழுத்து மணியும் அலையும் மட்டும்தான் கேட்கும். எனக்கு அப்போது ஏழு வயது. அம்மா தம்பியைப் பெற்றுப் படுத்திருந்தபடியால், வீட்டில் என்னைப் பார்க்க ஆளில்லாமல், ஐயா தன் வண்டிலில் கிடுகுக் கட்டுகளின் மேல் என்னையும் ஏற்றிக்கொண்டார்.

"சோளகக்" காற்று தொடங்கினால் கிழக்குக் கரையில் கடல் அமைதியாகும். மீன்பிடிகாரர் குடும்பத்தோடு போய் மணலில் "வாடி" போட்டு மாதக்கணக்கில் தங்குவார்கள். அந்தக் குடிசைகளை வேய எங்கள் ஊர்த் தென்னோலைக் கிடுகு போகும்; திரும்பும்போது வண்டில் நிறையக் கருவாடு வரும். ஐந்து வண்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக நாகர்கோவில், தாளையடி, கட்டைக்காடு என்று சுண்டிக்குளம் வரை போகும். முன் வண்டில் கணபதி மாமாவுடையது. அவருக்குப் பெரிய தொண்டை. ஆட்களைக் கண்டால் வாய் திறவாத எனக்கு "ஊமைச்சி" என்று பேர் வைத்ததும் அவர்தான்.

வழியில் கரைவலை இழுக்கிற இடமெல்லாம் நிற்போம். கயிற்றில் கை வைத்தவர் யாராக இருந்தாலும் மீனில் பங்கு உண்டு என்பது அந்தக் கரையின் வழக்கம். எங்கள் வண்டில்காரர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, வலைகாரரின் "அம்பா" பாட்டுக்கும் குரல் கொடுத்து இழுப்பார்கள். தாளையடியில் நானும் போய்க் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் கயிற்றை இழுத்தேனா, கயிறு என்னை இழுத்ததா தெரியாது. ஆனாலும் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார், "உந்தப் பெட்டைக்கும் வையுங்கோ" என்று ஒரு பாரைக்குட்டியை என் சட்டை மடியில் போட்டார். அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த மீனைக் கழுவத் தண்ணீர் தேடி வாடிப் பெண்களிடம் போனேன். மணலைக் கொஞ்சம் தோண்டி, ஊறுகிற தண்ணீரை அள்ளுகிற குழியைப் "பூவல்" என்பார்கள். அங்கே இரண்டு பூவல் இருந்தன. ஆழமான குழியில் தண்ணீர் நிறையத் தெரிந்தது. ஓடிப்போய் ஒரு கை அள்ளிக் குடித்தேன். குடித்த கையோடு துப்பினேன். மதலேனம்மா என்ற வாடிப் பெண் சிரிப்புத் தாங்காமல் மணலில் குந்திவிட்டார்.

"அது எங்கடை மருமோன்ரை கிணறு, மோனை! போதும் போதும் எண்டு நாங்கள் கத்தக் கத்த வெட்டினவர். மேலை நிக்கிறதுதான் நல்ல தண்ணி, கீழை முழுக்கக் கடலெல்லோ."

பக்கத்துச் சின்னக் குழியில் அவர் தேங்காய்ச் சிரட்டையால் அள்ளித் தந்த தண்ணீர் வாய்க்கு இனித்தது.

மறுநாள் சுண்டிக்குளம் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரு வாடியும் இல்லை. அந்த வருஷம் நாங்கள் முந்திவிட்டோம். அந்தக் கரைக்குக் கடற்காரர் இன்னும் வரவில்லை. வண்டிலின் கீழே கட்டியிருந்த தண்ணீர்ப் பீப்பா வழியெல்லாம் ஒழுகி வெறுமையாகக் கிடந்தது. பத்து மாடுகளும் நாக்கைத் தள்ளிக்கொண்டு நின்றன. கணபதி மாமாவின் வலத்து மாடு படுத்தேவிட்டது. "தண்ணி குடுக்காட்டி இதுகள் வீடு வந்து சேராது" என்று ஐயா மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. தோட்டத்தை உழுவதும் அந்த மாடுகள்தான்.

மாமா மண்வெட்டியால் மணலைக் கிண்டினார். ஈர மணலை அள்ளி வெளியே போட, ஆகச் சின்ன ஆளான என்னைக் குழிக்குள் இறக்கிவிட்டார்கள். என் இடுப்பளவு ஆழம்கூட வரவில்லை, அதற்குள் தண்ணீர் கசிந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர்.

"உது ஒரு கோழிக்குக் காணுமோ? ஏறு பெட்டை மேலை. இன்னும் ரெண்டு முழம் போவம்" என்றார் மாமா.

நான் ஏறவில்லை. குழிக்குள்ளேயே குந்திக்கொண்டு, "காணும்" என்றேன்.

"என்னடாப்பா, ஊமைச்சி கதைக்குது!"

"கீழை உப்பு, மாமா. இது காணும், போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது; ஆனாலும் எழும்பவில்லை. ஐயா சிரிக்கவில்லை. குனிந்து கையை விட்டு ஒரு சொட்டு நக்கிப் பார்த்தார்.

"கணபதி, இது பிள்ளையின்ரை குழி. உனக்கு வேணுமெண்டால் நீ அங்காலை போய் வெட்டு."

மாமா ரோசத்தோடு தள்ளிப் போய்த் தன் இடுப்பளவுக்கு வெட்டினார். தண்ணீர் தாராளமாக வந்தது. அவருடைய மாடு ஒன்று அதில் வாயை வைத்துவிட்டுத் தலையை உதறியது. என் குழியோ சிரட்டை சிரட்டையாகத்தான் ஊறியது. அள்ளுவதும் ஊறும்வரை காத்திருப்பதுமாக, வெயில் சாயுமட்டும் வாளி வாளியாகச் சேர்த்தோம். பத்து மாடும் குடித்தன. படுத்திருந்த மாடும் எழும்பி நின்றது.

"அப்ப உன்ரை கிணறு என்னத்துக்குக் கணபதி?" என்று ஒருவர் கேட்டார்.

"நான் குளிக்கத்தானே வெட்டினனான்!" என்று மாமா வேட்டியோடு அதற்குள் இறங்கினார். அதற்குப் பிறகு அவர் என்னை ஊமைச்சி என்று கூப்பிடவேயில்லை. சாகும்வரைக்கும் நான் அவருக்குப் "பூவல்காரி"தான்.

ஐயா கலியாண வீடு, செத்த வீடு என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் இதைச் சொல்லுவார். நான் அடுப்படிக்குள் ஒளித்துக்கொள்வேன். ஆனால் ஒரு சொல் விடாமல் கேட்பேன். என் மகன் பிறக்க முன்னமே ஐயா போய்விட்டார்; நானாக அவனுக்கு இதைச் சொன்னதுமில்லை. அந்த ஐந்து வண்டில்காரரில் ஒருவரும் இப்போது இல்லை. வாடிகள் இருந்த கரையை முதலில் சண்டையும் பிறகு கடலும் துடைத்துக்கொண்டு போயின.

போன மாதம் மகன் தன் வானை ஓட்ட, குடும்பமாக அந்தக் கரையால் போனோம். சுண்டிக்குளத்துக்கு முன்னே வெற்றிலைக்கேணி தாண்டியதும் அவன் தன் பிள்ளைகளுக்கு, "இனி இந்தப் பக்கம் ஒரு சொட்டு நல்ல தண்ணி கிடையாது, போத்திலை முடிச்சுப்போடாதேங்கோ" என்றான். ஐயாவைப் போல யாராவது மறுத்துச் சொல்லுவார்கள் என்று பழக்கத்தில் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். அந்த வானுக்குள் என்னைவிட வயதானவர் ஒருவருமில்லை. எனக்கு முன்னால் இருந்த சீற்றைப் பிடித்து நிமிர்ந்திருந்து, "இஞ்சை பத்து மாட்டுக்கு நான் தண்ணி குடுத்தனான்" என்றேன்.

மகன் வானை ஓரமாக நிற்பாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.