பூ இருந்தால் இலை இல்லை

தாவர ஆய்வு அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பசைக்காரம்மா. உலர்ந்த செடிகளை அட்டையில் ஒட்டிச் சீட்டெழுதுவது வேலை. இருபத்திரண்டு வருடமாக யார் யாரோ பறித்து வந்ததை ஒட்டியாயிற்று. தான் கண்டெடுத்த ஒன்றை ஒட்டியதில்லை என்பது அவளுக்குப் பெரிய மனக்குறை.

போன கோடைக் கடைசியில் அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த சரிவில், புதர் நிழலில், சருகுக்கு நடுவே சில ஒற்றைத் தண்டுகளில் இளஞ்சிவப்புப் பூக்கள் கண்ணில் பட்டன. தரையில் வளரும் ஆர்க்கிட், இந்த மண்ணுக்கே உரியது என்று அவளுக்கு உறுதி. அங்கேதான் வண்டி நிறுத்துமிடம் வரப்போகிறது. இனம் உறுதியானால் அந்தத் துண்டு நிலத்தை விட்டுவிடுவதாகப் பேச்சு.

ஒரு பூவோடு ஓடினாள். தலைமை ஆய்வாளர் புரட்டிப் பார்த்தார்.

"இலை எங்கம்மா?"

"பூக்கும்போது இலை இருக்காது சார். மழைக்கு அப்புறம்தான் வரும்."

"இலை இல்லாம நான் என்னத்தைச் சொல்ல?"

மழை பெய்து, தரையோடு ஒட்டிய ஒற்றை இலைகள் வந்தன. ஒன்றைக் கொண்டுபோனாள்.

"பூ எங்கம்மா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதருக்காகச் செடி தன் வழக்கத்தையா மாற்றிக்கொள்ளும்?

"ரெண்டும் ஒரே கிழங்குலேர்ந்து வருதுன்னு காட்டுங்க, கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

கிழங்கைத் தோண்டினால் செடி போய்விடும். தோண்ட அவளுக்கு மனம் வரவில்லை. பூத்த இடத்தில் அடையாளம் வைத்து, மழைக்கு அங்கேயே இலை வருவதைக் காட்டிவிடலாம் என்று இன்னொரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அடுத்த கோடையில் பதினோரு பூ. அவள் வீட்டுக்காரர் நிலம் அளக்கும் குழுவில் இருப்பவர். வீட்டில் சிவப்புத் துணி கட்டிய அளவுக் குச்சிகள் மூலைக்கு மூலை கிடக்கும். அதில் பதினொன்றை எடுத்துக்கொண்டு கிளம்பியவளை அவர் பார்த்துவிட்டார்.

"என்னைக் கேக்காம எடுத்துட்டியா?"

"பதினோரு குச்சிக்கு உங்ககிட்ட மனு போடணுமா?"

பூவுக்கு ஒன்றாக நட்டுவிட்டு வந்தாள். முதல் மழை பெய்து நான்காம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், புதரைக் காணோம். பெரிய குழி. தள்ளி நின்ற புல்லெல்லாம் அப்படியே இருந்தது. மண் அள்ளும் வண்டிக்காரர் இறங்கி வந்தார்.

"சிவப்புத் துணி இருக்கற இடத்துலதான் முதல்ல எடுக்கச் சொன்னாங்க அக்கா. குச்சியெல்லாம் தெளிவா இருந்துச்சு, எங்களுக்கு வேலை சுலபமாப் போச்சு."

அவரைத் திட்ட வாயெடுத்தாள். என்னவென்று திட்டுவது? தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். பிறகு மண்குவியலில் உட்கார்ந்து கையால் கிளறினாள். நசுங்காத கிழங்கு ஒன்றே ஒன்று கிடைத்தது. அதில் காய்ந்த பூத்தண்டும் இருந்தது, புது இலையின் குருத்தும் இருந்தது.

ஆய்வாளருக்கு ஒரே சந்தோஷம்.

"இதைத்தாம்மா கேட்டேன். இனிமே சந்தேகமே இல்லை."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கிழங்கு காய்ந்ததும் தன் மேசையில் வைத்து அவளே ஒட்டினாள். சீட்டில் இனப்பெயரையும் தேதியையும் எழுதினாள். வாழிடம் என்ற வரிக்கு வந்தபோது பேனா நின்றது.

'புதர் நிழல், சரிவு' என்று எழுதி, அதற்குக் கீழே 'நான் குச்சி நட்ட இடம்' என்று சேர்த்தாள்.