நுரையீரலில் இரண்டு புள்ளிகள்

எக்ஸ்ரே அக்காவிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் அந்தக் கால்நடை மருத்துவமனையில் யாரும் கிடையாது. பதினெட்டு வருடமாக நாய், பூனை, ஒருமுறை ஆமை என்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். முன்பு மனிதர்களுக்கு எடுத்தவள்தான். நோயாளிகளை மூச்சை அடக்கச் சொல்வது அவள் வேலை; அங்கே மேலதிகாரி அவளையே மூச்சுக் காட்டாமல் இருக்கச் சொன்னதால் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

“நாய்க்குப் போட்டோ பிடிக்கப் போறியா?” என்று அப்போது அவள் கணவர் சிரித்தார்.

“ஆமா. நாய் பல்லைக் காட்டினா கடிக்கப் போகுதுன்னாவது தெரியும்” என்றாள்.

எந்தப் பிராணியையும் கழுத்திலிருந்து வால்வரை தடவிப் பார்க்காமல் அவள் மேசையில் கிடத்த மாட்டாள். புதிதாக வந்திருந்த இளம் டாக்டருக்கு அது வெட்டி வேலையாகப் பட்டது.

அன்று ஒரு லாரி டிரைவர் தன் கறுப்பு நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடிவயிற்றில் எலுமிச்சை அளவுக் கட்டி, உடைந்து புண்ணாகியிருந்தது. அறுப்பதற்கு முன் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்ப்பது முறை. எடுத்தால், நுரையீரலில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள்.

“புற்று பரவிடுச்சு. இனி அறுத்துப் பிரயோஜனம் இல்ல. வலியில்லாம ஊசி போட்டு அனுப்பிடலாம்” என்றார் டாக்டர்.

டிரைவர் ஊசிக்கான சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார். அக்காவுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. குட்டி போட்ட நாய் அது. காம்புகள் தடித்திருந்ததை அவள் கை பார்த்திருந்தது. தோலுக்கு வெளியே இருப்பதும் படத்தில் உள்ளே இருப்பதுபோல விழும்.

“டாக்டர், அது காம்போட நிழலா இருக்கலாம். இன்னொரு தடவை எடுக்கறேன்.”

“படம் எடுக்கறது உங்க வேலை. என்னன்னு சொல்றது என் வேலை.”

“அப்ப என் வேலையைப் பாக்கறேன்” என்று நாயை அள்ளிக்கொண்டாள். டிரைவரையும் உள்ளே இழுத்து, கதவைத் தாழிட்டு, அவருக்கு ஈயக் கவசத்தை மாட்டிவிட்டாள். குடலைப் படம் எடுக்கக் குடிக்கக் கொடுக்கும் பேரியம், படத்தில் பளிச்சென்று தெரியும். அதை மார்புக் காம்புகளில் பொட்டுப் பொட்டாக வைத்தாள். வெளியே கதவு தட்டப்பட்டது.

“படம் எடுக்கறேன், சிவப்பு விளக்கு எரியுது டாக்டர், வராதீங்க!” என்று குரல் கொடுத்தாள். உள்ளுக்குள் அவளுக்கும் பயம்தான். தன் கணக்குத் தப்பினால், இந்த மனிதருக்கு வீணாக ஆசைகாட்டி அழவைத்த பாவம் வந்து சேரும்.

“காலைப் பிடிச்சுக்குங்க தம்பி. கை நடுங்கக் கூடாது.”

“நடுங்குதே அக்கா.”

“நடுங்கினா படம் கலங்கிடும். அப்புறம் அவர் சொன்னதுதான் நிலைக்கும்.”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். படம் திரைக்கு வந்தது. புள்ளிகள் இரண்டும் பேரியம் வைத்த இடத்திலேயே, முன்னைவிடப் பளீரென்று நின்றன. அவை காம்புகள்தான்; நுரையீரலில் ஒன்றும் இல்லை.

அவள் கதவைத் திறந்தாள். டாக்டர் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஊசி வேண்டாம் என்றார். “நாளைக்குக் காலையில கட்டியை எடுத்துடலாம்” என்று டிரைவரிடம் சொன்னார். அந்த மனிதர் நாயின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினார்.

பிறகு டாக்டர் அக்காவின் பக்கம் திரும்பினார். “என் பேச்சை மீறிக் கதவைச் சாத்தினீங்க. இதை நிர்வாகத்துக்கு எழுதத்தான் போறேன்.”

“தாராளமா எழுதுங்க டாக்டர்” என்றாள் அவள். “நாய் உயிரோட வெளிய வந்துச்சுன்னும் சேர்த்து எழுதுங்க.”