எல்லாருக்கும் பழகிய கை

கம்பஸில் நான் படித்தது மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம். இரத்தம் எடுத்துப் பழக எங்களுக்கு இருந்தது ஒரேயொரு ரப்பர் கை. அதுவும் குத்துப்பட்டுக் குத்துப்பட்டுக் கிழிந்து போயிருந்தது. அதனால் ஒருவர் கையில் மற்றவர் பழகினோம். என் கெட்டகாலம், என் இடக்கையில் நரம்பு கயிறு மாதிரிப் புடைத்து நிற்கும்.

"உன்ரை கையை ஒருக்காத் தாவன்" என்று கேட்காத ஆள் வகுப்பில் இல்லை. கொடிகாமத்திலிருந்து பஸ் மாறி வந்து, கையை நீட்டிக்கொண்டு இருப்பதே என் படிப்பாகிவிட்டது. மாட்டேன் என்று சொல்வதற்கும் தெம்பு வேண்டுமே. நான் ஊசியைத் தொடுவதற்குள் நேரம் முடிந்துவிடும். "அடுத்த கிழமை நீ குத்து" என்பார்கள். அடுத்த கிழமையும் என் கைதான்.

ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர், என் முழங்கை மடிப்பில் கன்றியிருந்ததைப் பார்த்து, "என்ன பிள்ளை, வருத்தமோ? மருந்தெடுக்கிறியோ?" என்று கேட்டார்.

"இல்லையம்மா, படிக்கிறன்" என்றேன்.

செய்முறைப் பரீட்சையில் என் முன்னால் கையை நீட்டியவள் என் தோழி. கண்ணை மூடிக்கொண்டே என் கையில் இரத்தம் எடுக்கக் கூடியவள். அவள் கையில் நரம்பே தெரியவில்லை. பட்டியை இறுக்கினேன், தட்டினேன், தடவினேன். இரண்டு தரம் குத்தியும் ஒரு துளி வரவில்லை.

"நீர் பிராக்டிக்கலுக்கு வாறதில்லையோ?" என்று பரீட்சை எடுத்த சேர் கேட்டார்.

"ஒருநாளும் விடேல்லை, சேர்" என்று சொல்லி, வெள்ளைக் கோட்டின் இடக்கையை மேலே சுருட்டிக் காட்டினேன்.