பட்டியலில் வராத தலைப்பிரசவம்

ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த ஒரு கார்த்திகை மாதக் காலை. பாளையங்கோட்டையில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் நான் டேட்டாபேஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றுவட்டாரக் கர்ப்பிணிகளின் விவரம் அத்தனையும் என் பொறுப்பு. பாலம் மூழ்குவதற்குள் கரையோர ஊர்களில் நாள் நெருங்கியவர்களை வேன் அனுப்பிக் கூட்டிவந்துவிட வேண்டும்.

முந்தின மாதம்தான் எங்கள் கம்ப்யூட்டரிடம் பேச்சுத் தமிழிலேயே கேள்வி கேட்கும் வசதி செய்திருந்தேன். அதுவரை யாருக்கு என்ன பட்டியல் வேண்டுமானாலும் என்னிடம் வந்து நிற்க வேண்டும். கம்ப்யூட்டருக்குப் புரிகிற மொழியில் நான் குவெரி எழுதித் தருவேன். இனி நர்ஸே டைப் செய்தால் போதும், குவெரியை அதுவே எழுதிக்கொள்ளும். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

களப்பணி நர்ஸ் புஷ்பம் டைப் செய்தார்: "ஆழ்வார்திருநகரி பக்கம் பத்து நாளைக்குள்ள பிரசவம் யார் யாருக்கு?"

நான்கு பெயர்கள் வந்தன. நான் டிரைவரைக் கூப்பிடப் போனேன். புஷ்பம் எழுந்திருக்கவில்லை.

"சார், நாலும் ரெண்டாவது பிரசவம். தலைப்பிரசவம் ஒண்ணுகூட இல்லியே, எப்படி?"

"இல்லைன்னா இல்லைதான். மெஷின் பொய் சொல்லாதும்மா," என்றேன் எரிச்சலோடு.

"பொய்யின்னு நான் சொல்லல. வளைகாப்பு முடிஞ்சா பிள்ளைய அம்மா வீட்டுக்குல்லா கூட்டிட்டு வருவாவ. ஒங்க மெஷினு எந்த வீட்டைப் பாக்குது?"

முகவரிக் கட்டத்தைத்தான் பார்த்தது. பதிவு செய்த நாளில் கொடுத்த முகவரி, அதாவது புருஷன் வீடு.

"அம்மா வீட்டுக்குப் போயாச்சுன்னா நாங்க குறிப்புல எழுதுவோமே சார். அது எங்க?"

குறிப்புக் கட்டத்தை மறைத்து வைத்தவனே நான்தான். ஆளுக்கொரு விதமாக, பாதி தமிழ் பாதி இங்கிலீஷில் எழுதியிருப்பார்கள். குப்பை என்று நினைத்து மெஷின் கண்ணில் படாமல் செய்திருந்தேன். அதைத் திறந்துவிட்டேன்.

புஷ்பம் மறுபடி கேட்டார்: "தலைப்பிரசவத்துக்கு ஆழ்வார்திருநகரி பக்கம் அம்மா வீட்டுக்கு வந்திருக்கது யாரு?"

ஒரே ஒரு பெயர். சாத்தான்குளத்தில் பதிவு செய்த சின்னப் பெண். நாள் நெருங்கிவிட்டது, பிரஷர் வேறு அதிகம். அம்மா வீட்டு ஊரும் தெருவும் குறிப்பில் இருந்தன.

வேன் முதலில் அந்த வீட்டுக்குத்தான் போனது, புஷ்பமும் ஏறிக்கொண்டார். மத்தியானம் பாலத்தின் மேல் தண்ணீர் போவதாகச் செய்தி வந்தபோது ஐந்து பேரும் வார்டில் இருந்தார்கள். சற்று நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வந்தது. டாக்டர் பக்கத்திலேயே இருந்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதைக் கேட்டதும் நான் அழுதுவிட்டேன், சொல்ல வெட்கமில்லை.

இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்று வசதி செய்வது இப்போது சுலபம். வந்த பதிலில் என்ன விட்டுப்போயிற்று என்று சொல்லத் தெரிந்தவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்பும்போது புஷ்பம் கேட்டார்: "ஏன் சார், ஒங்க வீட்டம்மா தலைப்பிரசவத்துக்கு எங்க இருந்தாவ?"

"நாங்குநேரியில. அவ அம்மா வீட்டுல."

ஏழாம் மாதம் பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் வைத்தவன் நான்தான்.